அல்சூரில் கை நனைக்காத மூன்று நாள்

பெங்களூருக்குப் போகிறேன் என்றதும் கம்பளி எடுத்துக்கொள், குல்லாய் எடுத்துக்கொள், கஷாயப் பொடி எடுத்துக்கொள் என்று வாலாஜாபேட்டையில் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். வாயைக் கட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னது என் மனைவி சுந்தராம்பாள் ஒருத்திதான்.

நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் இளைய மகள் ஜெகதாவுக்கு அங்கே அல்சூரில் ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் சிவஞானம். சர்க்கார் ஆபீஸில் கட்டடப் படம் வரைகிற உத்தியோகம். தகப்பனார் காலமாகிவிட்டார், தாயார் மட்டும் உண்டு. பாட்டன் காலத்தில் பட்டாளத்தோடு நம் பக்கத்திலிருந்து போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். வீட்டையும் மனிதரையும் நேரில் பார்த்துவிட்டு வரவேண்டியது என் பொறுப்பு. அதற்காக நான் வேலை பார்க்கும் தாலுகா ஆபீஸில் லீவு வாங்கிக்கொண்டேன்.

பெண் கொடுக்க உத்தேசித்திருக்கும் வீட்டில், முடிவு சொல்வதற்கு முன் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அங்கே இலையில் உட்கார்ந்துவிட்டால் சம்மதம் சொன்னதாக அர்த்தம். இரண்டு வருஷத்துக்கு முன் காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டுக்கு இதே காரியமாகப் போனேன். பருப்புருண்டைக் குழம்பின் மணம் மூக்கைத் துளைத்தது. வழக்கம் வகையறா எல்லாம் மறந்து உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் தடவை குழம்பு ஊற்றிக்கொண்டு தின்னும்போதுதான், மாப்பிள்ளைக்குச் சித்தூரில் ஏற்கெனவே ஒரு சம்சாரம் இருக்கிற சமாசாரம் காதில் விழுந்தது. வேண்டாம் என்று எழுதினோம். அவர்களோ, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் பேச்சு மாறினார் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு ஜெகதாவுக்கு வந்த இரண்டு வரன்கள் வாசலோடு திரும்பிப் போயின. தப்புச் செய்தது என் நாக்கு, பேர் கெட்டது பெண்ணுக்கு.

"அவங்க வீட்டுல பச்சைத் தண்ணிகூட வேணாம். பாத்துட்டு வந்து என்கிட்ட சொல்லுங்க. அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்" என்றாள் சுந்தராம்பாள். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டேன்.

நான் புறப்படும்போது ஜெகதா பெட்டியின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டே, அம்மா காதில் விழாதபடி சொன்னாள். "அப்பா, ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு வாங்க. அந்த வீட்டுல பொம்பளைங்க எத்தனை மணிக்கு சாப்பிடறாங்கன்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாப்பிள்ளை கறுப்பா சிவப்பான்னு கேக்காம, இது என்ன கேள்வி?" என்றேன்.

"அக்காவைப் பாத்தீங்கள்ல?" என்றாள் ஜெகதா. அவள் சிரிக்கவில்லை.

மூத்தவள் சரசுவை ஆற்காட்டில் கொடுத்திருக்கிறோம். பாலாற்றைத் தாண்டினால் அவள் வீடு. பெரிய குடும்பம். ஆண்கள், விருந்தாளிகள், பிள்ளைகள், மாமியார் என்று எல்லாரும் எழுந்த பிறகு மூன்று மூன்றரை மணிக்கு மிச்சம் மீதியை வழித்துப் போட்டுக்கொள்கிறாள் என்பது ஜெகதாவின் பேச்சு. சரசு இளைத்திருப்பது எனக்கும் தெரியும். பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பெங்களூர் சேர்ந்தேன் என்று எழுதினால் அது பாதி உண்மை. நான் இறங்கவேண்டியது வெள்ளைக்காரர் தண்டில், அதாவது கன்டோன்மென்ட் ஸ்டேஷனில். தை மாதக் குளிருக்குக் கம்பளியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கியதில் தண்டு எப்போது வந்து எப்போது போனதோ தெரியாது. விழித்தபோது வண்டி மைசூர் மகாராஜாவின் பேட்டையில், அதாவது சிட்டி ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தது. ஒரே ஊரில் இரண்டு ராஜாங்கம். தூங்குகிறவன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம்.

ஸ்டேஷன் வாசலில் ஜட்காக்காரர் காதர் பாய் என்னைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார். "என்னா சாமி, தண்டுல எறங்க வேண்டியவரா? பர்வா நை. தினம் நாலு பேரு இப்படி வர்றாங்க. நாஷ்டா ஆச்சா?"

ஆகவில்லை என்றேன். அவர் குதிரையைத் திருப்பி நேரே ஒரு காபி கிளப் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். தாம் வெளியே இருப்பதாகவும், வெண்ணெய் தோசை இரண்டு சாப்பிட்ட பிறகுதான் வண்டி நகரும் என்றும் சொல்லிவிட்டார். நல்ல மனிதர்.

அந்தக் காபி கிளப்பிலும் நம் ஊரைப்போலவே உள்ளே ஒரு கூடம், வெளியே ஒரு கூடம். உள்கூடம் பிராமணர்களுக்கு என்று பலகை தொங்கியது. மற்றவர்களுக்கு வெளிக்கூடம். எனக்கு இது எந்த ஊரில் பார்த்தாலும் எரிச்சல்தான். ஆனால் அடுப்படி நடுவில் இருந்தது, கல் ஒன்றே ஒன்றுதான். அங்கே போன தோசையும் இங்கே வந்த தோசையும் ஒரே வட்டத்தில் வெந்ததை என் கண்ணால் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

தோசையென்றால் அது தோசை. நம் வீட்டுத் தோசை மடித்தால் மடியும். இது ஓரமெல்லாம் மொறமொறவென்று சிவந்து, நடுவில் பஞ்சாக இருந்தது. மேலே எலுமிச்சங்காய் அளவு வெண்ணெய் உருண்டை. அது மெல்லக் கரைந்து நான்கு பக்கமும் ஓடும்போது, எந்தப் பக்கத்தில் முதலில் பிய்ப்பது என்று ஒரு கணம் திகைத்துப்போனேன். பக்கத்தில் இரண்டு பேர் எனக்கும் புரிகிற கன்னடத்தில் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். "நேற்று வெண்ணெய் இதைவிடப் பெரிதாக இருந்தது" என்று ஒருவர் குறைப்பட்டார். "நேற்று உன் பசி இதைவிடச் சிறிதாக இருந்தது" என்றார் மற்றவர்.

சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். முதல் வாய்க்கு எனக்குக் கோபம் வந்தது. சாம்பாரா பாயசமா என்று பரிமாறுகிறவரைக் கேட்டேன். அவர் சுத்தமான தமிழில், "ரெண்டாவது கிண்ணம் சாப்பிட்டுட்டு சொல்லுங்க சாமி" என்று ஊற்றிவிட்டுப் போனார். இரண்டாவது கிண்ணத்தில் அந்த இனிப்பு தோசையின் புளிப்போடு சமாதானமாகிவிட்டது. மூன்றாவது கிண்ணத்தை நானே கேட்டு வாங்கினேன். காபி வந்தபோது, வாலாஜாபேட்டையில் இத்தனை வருஷம் காபி என்று சொல்லி எதைக் குடித்துக்கொண்டிருந்தோம் என்ற சந்தேகம் வந்தது.

அல்சூர்ப் பக்கம் ஒரு சத்திரத்தில் பெட்டியை வைத்துவிட்டு, மாலையில் கடைத்தெருவுக்குப் போனேன். நம் ஊரில் மொச்சை என்கிறோமே, அதைத்தான் இங்கே அவரைக்காய் என்கிறார்கள். தை மாதத்தில் இந்த ஊருக்கு வேறு காய்கறி நினைவே கிடையாது போலிருக்கிறது. தெருவின் இரண்டு பக்கமும் பச்சைக் குவியல். ஆனேக்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு தமிழ்க்கார அம்மாள் ஒரு காயை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "சும்மா பாத்துட்டுப் போனா எப்படி? மோந்து பாருங்க. கையில பிசுக்குன்னு ஒட்டணும், அதான் நல்ல காய். சொகடு இல்லாட்டி அது அவரையே இல்ல." சொகடு என்பது அந்தத் தோலில் கசியும் எண்ணெயின் மணம். சத்திரத்துக்குத் திரும்பிக் கை கழுவிய பிறகும் அது விரலில் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. சனியன்று நல்ல காரியம் பேசமாட்டார்கள். ஆனால் ஆபீஸ்காரர்களுக்கு அரைநாள் லீவு அன்றைக்குத்தான் என்பதால் பஞ்சாங்கம் கொஞ்சம் வழிவிட்டது. சரியாக நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு, சின்ன முற்றம், கூடத்தில் மேஜைமேல் மையும் அளவுகோலும். பையனின் தாய்மாமன் என்னை வரவேற்று, பட்டாளத்துக் கதைகளில் தொடங்கி அல்சூர் ஏரியின் ஆழம்வரை பேசினார். சிவஞானம் ஒல்லியாக, சாந்தமாக இருந்தான். கேட்டதற்குப் பதில் சொன்னான். தாயார் தெய்வானையம்மாள் கதவோரம் நின்று, "வாங்க" என்று கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

பிறகு ஒரு தட்டு வந்தது. அதில் நெய் வழியும் ரவா கேசரியும், முந்திரிப் பருப்பு கண்சிமிட்டும் உப்புமாவும், பக்கத்தில் காபியும். நான் சுந்தராம்பாளை நினைத்துக்கொண்டேன். காஞ்சிபுரத்தை நினைத்துக்கொண்டேன். கேசரியை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

"மன்னிக்கணும். இன்னிக்குக் கிருத்திகை. எனக்கு விரதம்" என்றேன்.

மாமன் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். சிவஞானம் தட்டை எடுத்துக்கொண்டு போனான். நான் ஒரு மணி நேரம் இருந்தேன். சம்பளம், ஜாதகம், சொந்தக்காரர் விவரம் எல்லாம் தெரிந்துகொண்டேன். ஜெகதாவின் கேள்விக்கு மட்டும் விடை தெரியவில்லை. அதை எப்படிக் கேட்பது? அம்மா, நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டால், பைத்தியம் என்று நினைப்பார்கள்.

அந்தக் கேசரியின் ஏக்கம் என்னை நேரே ஒரு ரொட்டிக் கடைக்குக் கொண்டுபோனது. ஐயங்கார் ஒருவர் நடத்தும் கடை. முட்டை கலக்காத ரொட்டி என்பதால் மடிக்காரர்களும் தைரியமாக வாங்கிப் போகிறார்கள். வெங்காயமும் பச்சை மிளகாயும் கொத்துமல்லியும் சேர்த்துச் சுட்ட பன்னை நடுவில் பிளந்து, வெண்ணெய் தடவிக் கொடுத்தார். அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்தது. நாக்கு சுட்டது, கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கு திறந்துகொண்டது. அந்தக் குளிருக்கு அதைவிடச் சுகம் ஒன்றில்லை. ஒன்றை முடித்து இரண்டாவதைக் கடித்த நேரத்தில், யாரோ என் பக்கத்தில் வந்து நின்றார்கள். திரும்பினேன். சிவஞானம்.

வாய் நிறைய பன். துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. கிருத்திகை விரதக்காரனின் மீசையில் வெண்ணெய்.

பையன் என்னைப் பார்த்தான். கடைக்காரரைப் பார்த்தான். "இங்க மிளகு பிஸ்கட்டும் நல்லாருக்கும் மாமா. ஊருக்குக் கொண்டுபோனா ஒரு வாரம் தாங்கும்" என்று சொல்லிவிட்டு, தன் அம்மாவுக்கு ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டான். திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. அந்த நிமிஷமே எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. ஆனால் காஞ்சிபுரத்துப் பையனையும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு முடிவுக்கு வந்தேன். பெண் வீட்டார் எவரும் செய்யாத காரியம் அது. சாப்பாட்டு வேளையில், சொல்லாமல் கொள்ளாமல், மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழைவது. பெண் வீட்டான் அந்த நேரத்தில் போனால் சோற்றுக்கு வந்தான் என்பார்கள். ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. நேரில் பார்த்தாலொழிய விடை கிடைக்காது. மாலை ரயிலுக்கு ஊர் திரும்பியாகவேண்டும்.

முன்னெச்சரிக்கையாக, ஆசையே எழாதபடி வயிற்றை நிரப்பிக்கொள்வதென்று தீர்மானித்தேன். காதர் பாய் என்னை ஒரு மிலிட்டரி ஹோட்டலுக்கு அழைத்துப் போனார். இந்த ஊரில் மாமிசச் சாப்பாட்டுக் கடைக்கு அதுதான் பெயர். பதினோரு மணிக்கே கூட்டம். ராகி உருண்டையும் ஆட்டுக்கறிக் குழம்பும் வந்தன. கேழ்வரகுக் களி எனக்குப் புதிதல்ல. நம் பக்கத்தில் நொய் போட்டுக் கிண்டுவோம். ஆனால் ஆபீஸ் உத்தியோகம் வந்ததும் களி சாப்பிடுகிறதை வெளியே சொல்லிக்கொள்ள மாட்டோம். இங்கே நொய்யில்லாமல், வழவழவென்று, பந்து மாதிரி உருட்டி வைக்கிறார்கள். கோட்டுப் போட்டவரும் மூட்டை தூக்குகிறவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கிள்ளிக் குழம்பில் புரட்டி விழுங்குகிறார்கள். நான் மென்றேன். எதிரில் இருந்தவர் பதறிப்போய், "மெல்லாதீங்க சாமி! பல்லுல படாம உள்ள போகணும்" என்றார். முயன்று பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. பின்னாலேயே குழம்பின் காரம் இறங்கியது. இரண்டு உருண்டை முடித்தேன். இனிமேல் தேவாமிர்தமே வந்தாலும் இடமில்லை என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

ஒரு மணி சுமாருக்கு அல்சூர் வீட்டு வாசலில் இறங்கினேன். கதவு திறந்திருந்தது. நடையைத் தாண்டியதும் அந்த வாசனை வந்து என்னை அடித்தது. அவரைப் பருப்பை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கிப் போட்டு வைக்கிற பிதுக்குப் பருப்புக் குழம்பு. முந்தாநாள் என் விரலில் ஒட்டியிருந்த அதே மணம், தேங்காயோடும் கசகசாவோடும் கொதித்து வீடெங்கும் நிறைந்திருந்தது. இரண்டு ராகி உருண்டையையும் மீறி என் வயிறு ஒரு சத்தம் போட்டது.

கூடத்தில் தெய்வானையம்மாள் பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிவஞானம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழம்புப் பாத்திரமும் கரண்டியுமாக நின்றான். சோற்றிலிருந்து ஆவி பறந்தது.

நம் வீடுகளில் இந்த இடத்தில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்நிய ஆண்பிள்ளை உள்ளே வந்தால், சாப்பிடுகிற பெண் பாதி இலையில் அப்படியே எழுந்து உள்ளே ஓடுவாள். நானும் அவர்கள் எழுந்திருப்பார்கள் என்று எதிர்பார்த்து, ஒதுங்கி நின்றேன். அவர்கள் எழவில்லை.

"வாங்க, உக்காருங்க. சாப்பிடறீங்களான்னு கேக்கறது மொறை. ஆனா கேட்டு உங்கள சங்கடப்படுத்த வேணாம்" என்றார்கள். "கிருத்திகை போன வாரமே முடிஞ்சுபோச்சு. முருகனைக் கும்பிடற வீட்டுல அது தெரியாதா? கை நனைக்கக் கூடாதுன்னு வந்திருக்கீங்க. பொண்ணைப் பெத்தவரு, அப்படித்தான் இருக்கணும். நான் சாப்பிட்டுட்டு வந்து பேசறேன்."

சொல்லிவிட்டு, மகனைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. தப்பு என்னுடையதுதான், நேரங்கெட்ட நேரத்தில் வந்தவன் நான்தான். ஆனாலும் ஒரு ஆண்பிள்ளை, சம்பந்தம் பேச வந்தவன், வாசலோரம் நாற்காலியில் காத்திருக்க, ஒரு பெண்பிள்ளை நிதானமாகக் குழம்பு சோறும் ரசம் சோறும் மோர் சோறும் சாப்பிடுவதா? பத்து நிமிஷம் இருக்கும். என் வாழ்நாளில் ஒரு பெண் சாப்பிட்டு முடிப்பதற்காக நான் காத்திருந்தது கிடையாது. கம்பளியை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

அவர்கள் மோருக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இதைப் பார்க்கத்தானே வந்தேன்! ஜெகதா கேட்டது இதைத்தானே! கேள்விக்குப் பதில் என் கண்ணெதிரே உட்கார்ந்து ஊறுகாய் தொட்டுக்கொண்டிருக்கிறது, நான் மரியாதை போயிற்று என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கை கழுவிவிட்டு வந்து அவர்களே விஷயத்தைச் சொன்னார்கள். கணவர் போன பிறகு, வீட்டிலேயே ஆபீஸ்காரர்கள் இருபது பேருக்குச் சமைத்துப் போட்டுப் பிள்ளையை வளர்த்திருக்கிறார்கள். எல்லாருக்கும் போட்டுத் தாம் சாப்பிட நாலு மணி ஆகும். அதுவும் ஆறிப்போனது, சில நாள் வெறும் மோர். எட்டு வருஷத்தில் வயிற்றில் புண் வந்து, ஒருநாள் அடுப்படியில் விழுந்துவிட்டார்கள்.

"அன்னிக்கு இவன் பரீட்சைக்குப் போயிருந்தான். வந்து பாத்துட்டு ரெண்டு நாள் பேசவே இல்ல. மூணாம் நாள் கரண்டிய எடுத்தவன்தான். லீவு நாள்ல ஒரு மணிக்கு நான் உக்காந்தாகணும். ஆபீஸ் நாள்ல காலையில ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் கெளம்புவான். மருமக வந்தாலும் இதான் இந்த வீட்டு வழக்கம். உங்களுக்கு இது சரிப்படாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. எங்க சொந்தக்காரங்களே, பிள்ளைய பொம்பளை மாதிரி வளத்துட்டேன்னு பேசறாங்க."

இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர்கள் குரல் கொஞ்சம் இறங்கியது. இதனாலேயே இங்கேயும் சில இடங்கள் தட்டிப்போயிருக்கும் என்று தோன்றியது. சிவஞானம் முற்றத்தில் பாத்திரத்தைக் கழுவி வைக்கும் சத்தம் கேட்டது. அவனுக்கு இதெல்லாம் காதில் விழாமல் இருந்திருக்காது.

"எனக்குச் சரிப்படுமான்னு கேக்காதீங்கம்மா. என் பொண்ணு ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருக்கா. பதிலைக் கொண்டுபோய்ச் சொல்றேன்" என்றேன். என்ன கேள்வி என்று அவர்கள் கேட்கவில்லை.

புறப்படும்போது மனம் கேட்காமல் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டேன். தெய்வானையம்மாள் அதைக் கவனித்திருக்கவேண்டும். உள்ளே போய்ச் சாக்குப்பை நிறைய அவரைக்காய் கொண்டுவந்து கொடுத்தார்கள். "பச்சைக் காய்தான். இதைக் கொண்டுபோனா கை நனைச்சதா ஆகாது. இன்னும் அடுப்பே ஏறலியே" என்றார்கள். இதற்கு என் மனைவியின் சட்டத்தில் இடமிருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. பெங்களூரில் நான் சாப்பிட்டதையெல்லாம் சொல்லிவிட்டேன். சாப்பிடாத அந்த ஒரு குழம்பைப் பற்றி மட்டும் இன்னும் ஒரு கட்டுரை எழுதலாம்.

திங்கட்கிழமை வீடு வந்து சேர்ந்தேன். "கை நனைச்சீங்களா?" என்பதுதான் சுந்தராம்பாளின் முதல் கேள்வி. இல்லை என்றதும் அவள் நம்பாமல் ஜெகதாவைப் பார்த்தாள். காயை உரித்துப் பருப்பை ஊறவைத்தார்கள். இன்னும் ஒருநாள் லீவு பாக்கி இருந்தது. மறுநாள் காலை ஜெகதா பிதுக்க உட்கார்ந்தபோது நானும் எதிரில் உட்கார்ந்தேன். நான் நசுக்கிய முதல் பருப்பு தோலைவிட்டுத் துள்ளிப் பரணுக்குப் போய்விட்டது.

"ஒரு மணிக்கு" என்றேன்.

அவள் கை நின்றது. "யாரு பரிமாறினாங்க?"

"பிள்ளைதான். சோறு சூடா இருந்துது."

"ஞாயித்துக்கிழமைன்னா சரி. மத்த நாள்ல?"

ஆபீஸ் நாள் விவரத்தையும் சொன்னேன். ரொட்டிக் கடையில் நான் அகப்பட்டுக்கொண்டதையும் சொன்னேன். அதற்கு மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நாலைந்து பருப்பைப் பிதுக்கினாள்.

"நம்ம வீட்டுல அம்மா எத்தனை மணிக்கு சாப்பிடறாங்கப்பா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். பெங்களூர்வரை ரயிலேறிப் போய் அடுத்த வீட்டுப் பெண் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். என் வீட்டில் எனக்குத் தெரியவில்லை.

பகல் பன்னிரண்டரைக்கு இலை போட்டார்கள். ஒரே இலை. சுந்தராம்பாள் கரண்டியோடு வந்து நின்றாள். "நீயும் உட்காரு" என்றேன்.

"ஏன், அங்க ஏதாவது ஆயிட்டுதா? மறைக்காம சொல்லுங்க. கை நனைச்சிட்டீங்கதானே?"

"சத்தியமா இல்லை. உட்காரு."

"அப்ப பரிமாறறது யாரு?"

எழுந்து அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டேன். ஜெகதா இன்னும் இரண்டு இலையைக் கொண்டுவந்து போட்டாள். சுந்தராம்பாள் சண்டைக்குத் தயாராக உட்கார்ந்தாள். நான் சோற்றை வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிதுக்குப் பருப்புக் குழம்பை ஊற்றினேன். இலைக்கு வெளியே கொஞ்சம் ஓடியது. அவள் பிசைந்தாள், சூடு பொறுக்காமல் விரலை உதறினாள், ஊதி ஒரு வாய் போட்டுக்கொண்டாள். இன்னொரு வாய் போட்டுக்கொண்டாள். முகத்தில் இருந்த கோபம் எங்கேயோ போய், குழப்பமாக என்னைப் பார்த்தாள்.

"நான் நல்லாத்தான் சமைக்கிறேன் போலிருக்கு" என்றாள்.

ஜெகதா தன் இலையைப் பார்த்துக்கொண்டே, "அல்சூருக்கு எழுதிடுங்கப்பா" என்றாள்.

சாப்பிட்டு எழுந்ததும் இரண்டு கார்டு எழுதினேன். ஒன்று அல்சூருக்கு. மற்றொன்று பாலாற்றுக்கு அக்கரையில், ஆற்காட்டில், சரசுவின் மாமனாருக்கு. வரும் ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்கு வருகிறேன், என் மகளோடு உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று.